மீனுக்கு முன்னால் ஒரு மண்டலம்



போன வருடம் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. கொரட்டூரில் 200 அடி சாலையைப் பிடித்து ரெட்டேரி சந்திப்பைத் தாண்டினால் கொளத்தூர். வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன ஊர். நம் பிளாக்குகளில் எத்தனையோ வீட்டில் அங்கே வாங்கிய தங்க மீனும் கப்பியும் நீந்திக்கொண்டிருக்கின்றன. ஆனால் என் பேத்தி கேட்டது 'நீமோ'. சினிமாவில் வரும் அந்த ஆரஞ்சு வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அது கடல் மீன். உப்புத் தண்ணீர்த் தொட்டி வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொட்டி வந்தது. சனிக்கிழமை உப்பு கரைத்தோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மீன் வாங்கி விட்டோம். ஆறாம் நாள் ஒன்று போயிற்று. எட்டாம் நாள் மற்றதும் போயிற்று. தண்ணீர் மட்டும் கடைசி வரை பளிங்கு மாதிரி இருந்தது.

"நான் சாப்பாடு கம்மியா போட்டுட்டேனா தாத்தா?" என்று குழந்தை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரரிடம் போய் நின்றேன். "தண்ணி இன்னும் செட் ஆகலை சார். ஒரு மாசம் சும்மா ஓட விட்டிருக்கணும்" என்றார். சும்மா ஓடினால் தண்ணீரில் என்ன மாறும் என்று கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. 'செட் ஆவது' என்ற அந்த இரண்டு சொல்லுக்கு விளக்கம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பின்னால் 170 வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் கடைசியில் நம் குடியிருப்பின் அடித்தளத்துக்கே வந்து நிற்கிறது. மூன்று வீட்டுக்காரர்கள் கடல்நீர்த் தொட்டி வைக்க என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களுக்காகவும், மற்ற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

டீ ஆற்றுவது போல ஆற்றினார்கள்

கடல்நீரை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருக்கும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று லண்டனில் நடந்தது. 1846இல் அன்னா தின் என்ற பெண்மணி, ஒரு பாதிரியாரின் மனைவி, கடற்கரை ஊரான டார்கீயிலிருந்து சில பவழ உயிர்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் கெடாமல் இருக்க, வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி நேரத்துக்கும் மேலாக ஆற்றினாள். நம் டீக்கடையில் ஆற்றுகிற மாதிரிதான். டீ ஆறுவதற்காக ஆற்றுகிறோம். அவள் காற்று கலப்பதற்காக ஆற்றினாள். இன்று தொட்டியில் குமிழி விடும் மோட்டார் செய்கிற வேலை அதுதான்.

அடுத்து வந்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1849இல் சுமார் 50 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். செடியின் இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்பதற்குக் குளத்து நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது, மீன் பிழைத்தது. 1850இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். செடி பிராணவாயு தருகிறது, மீன் அதை எடுத்துக்கொள்கிறது, நத்தை குப்பையை அள்ளுகிறது, வரவும் செலவும் சரி என்பது அவருடைய கணக்கு. 1852இல் கடல்நீரிலும் அதையே செய்து பார்த்தார்.

பிறகு இங்கிலாந்தில் மீன்தொட்டி மோகம் பிடித்துக்கொண்டது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி இல்லம் திறந்தார்கள். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல்லே பிரபலமானது. நடுத்தரக் குடும்பங்களெல்லாம் ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்தன. பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

வாரிங்டனின் வரவு செலவில் ஒரு பதிவு விட்டுப்போயிருந்தது. மீன் தன் உடம்பின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது கண்ணுக்குத் தெரியாது. மீனைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்த பிறகும் நம் மூக்குக்குத் தெரியாது. கடலில் அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. 100 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக இடமில்லை.

உப்புத் தண்ணீரில் ஆபத்து இன்னும் கூடுதல். கடல்நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் சுமார் 8.2, நடுநிலை நீர் 7. ஒரே அளவு அம்மோனியா இருந்தாலும், அதில் விஷமாக வேலை செய்யும் பங்கு 8.2இல் சுமார் பத்து மடங்கு அதிகம். தங்க மீன் தாக்குப்பிடித்த தவறை நீமோ தாங்காததற்கு இது முக்கியக் காரணம். என் பேத்தி தீனி குறைவாகப் போட்டதால் மீன் சாகவில்லை. மீன் தன் கழிவிலேயே மூச்சு முட்டிப் போயிற்று.

இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை

அப்படியானால் பழைய தொட்டிகளில் மட்டும் மீன் எப்படிப் பிழைக்கிறது? இதற்கான பதில் மீன்தொட்டியிலிருந்து வரவில்லை, சாக்கடையிலிருந்து வந்தது.

அம்மோனியா மண்ணில் நாளடைவில் நைட்ரேட்டாக மாறுகிறது என்பது பல நூற்றாண்டுகளாக நம் நாட்டில் கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம். மாடு கட்டிய இடத்து மண்ணையும் பழைய குடியிருப்பு மண்ணையும் அலசிக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். வெடியுப்பு என்பது நைட்ரேட்தான். பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக வெடியுப்பு ஏற்றியது, துப்பாக்கி மருந்துக்காக. ஆனால் மாட்டு மூத்திரம் எப்படி வெடியுப்பாகிறது என்று யாருக்கும் தெரியாது. காற்று பட்டு, ரசாயன முறையில் தானாக மாறுகிறது என்று நினைத்தார்கள்.

1877இல் பிரான்சில் ஸ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். முதல் 20 நாள் மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. அம்மோனியா மறைந்தது.

வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். எதற்கு 20 நாள்? அவர்கள் குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. பிறகு குளோரோஃபார்மை வெளியேற்றி, கொஞ்சம் நல்ல மண் கரைசலைச் சேர்த்தார்கள். மாற்றம் மறுபடி தொடங்கியது. மயக்க மருந்துக்கு மயங்குகிறது என்றால் அது உயிருள்ளதாகத்தான் இருக்க வேண்டும். மணல் மேல் ஒட்டிக்கொண்டு, அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பது இப்படி நிரூபணமானது. அந்த 20 நாளும் அவை பெருகுவதற்கு எடுத்துக்கொண்ட காலம்.

நண்பர்களே, கடைக்காரர் சொன்ன 'செட் ஆவது' இதுதான்.

இங்கே ஒரு குடும்பச் செய்தி உண்டு. 1850இல் தங்க மீன் வளர்த்த வாரிங்டனுக்கு அதே பெயரில் ஒரு மகன். அவர் இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தினார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்றும் கண்டார். முதல் வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அப்பாவின் கணக்கில் விட்டுப்போன பதிவைக் கண்டுபிடித்தவர்களில் மகனும் ஒருவர்.

ஆனால் அந்த நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்து வளர்க்க அவரால் முடியவில்லை. மற்ற பாக்டீரியாவுக்குப் போடுகிற மாதிரி சத்தான கூழ் போட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. 1890இல் சூரிச்சில் வேலை பார்த்த ரஷ்யர் செர்கை வினோகிராட்ஸ்கி, சத்துள்ள எதையும் போடாமல், அம்மோனியாவும் தாது உப்புகளும் மட்டும் கலந்த தண்ணீரில் அவற்றை வளர்த்துக் காட்டினார். இவற்றுக்கு விருந்து பிடிக்காது. அம்மோனியாவும் காற்றும் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் குமாஸ்தா புத்தியில் ஒரு கணக்கு போட்டேன். சாதத்தைக் கெடுக்கும் பாக்டீரியா நல்ல சூட்டில் அரை மணிக்குள் இரண்டாகிவிடும். நம்முடைய இந்த நுண்ணுயிருக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஒன்று இருந்தால் நாளைக்கு இரண்டு, மறுநாள் நான்கு. பத்து நாளில் ஆயிரம்தான். ஆனால் இருபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். கூட்டு வட்டி மாதிரி: முதலில் ஒன்றுமே சேராதது போலிருக்கும், கடைசி சில நாளில் மளமளவென்று ஏறும். அதனால்தான் இருபது நாள் கிட்டில் எந்த மாற்றமும் தெரியாமல் இருந்து, திடீரென்று இரண்டே நாளில் அம்மோனியா காணாமல் போகிறது. பொறுமை இழந்து பத்தாம் நாள் மீன் வாங்குகிறவர், முதிர்வுக்கு முன்னால் டெபாசிட்டை உடைக்கிறவர்.

மெரினாவில் ஒரு கடல்

நம் ஊருக்கு இந்தக் கதை 1909இல் வந்தது. அந்த வருடம் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்களுக்கான காட்சியகம் திறக்கப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதியவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் ஆராய்ந்தவர். ஆசியாவிலேயே முதல் அக்வேரியம் என்று சிலர் எழுதுகிறார்கள். டோக்கியோவில் உயேனோ காட்சிசாலையில் 1882லேயே மீன் பார்க்கும் கூடம் இருந்தது. ஆகவே இந்தியாவில் முன்னோடி என்று பெருமைப்பட்டுக்கொண்டால் போதும்.

1919இல் இந்தக் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்கு மாறியது. சென்னை மாகாணத்தில் அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். வங்கிக்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1895லும் 1897லும் விவசாய வங்கிகள் பற்றி அவர் கொடுத்த அறிக்கைதான் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தது. உள் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த அதே நிக்கல்சன், மீன் பக்கமும் இருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்று சென்னையே காலி செய்து ஓடிய சமயத்தில், காட்சியகம் மூடப்பட்டது. பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கடலோரத்தில் தொட்டி வைப்பவருக்கு ஒரு வசதி: தண்ணீர் கெட்டால் மாற்றக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கொரட்டூரிலிருந்து மெரினாவுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். கூவம் கலக்கும் கரைத் தண்ணீரைக் கேனில் பிடித்து வருவதும் சரிப்படாது. ஆகவே நமக்கு ஒரே வழி, அதே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அதற்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டம் வேண்டும்.

உறை ஊற்றக் கற்ற ஊர்

அந்தக் கூட்டத்தைச் சீக்கிரம் வளர்ப்பது எப்படி என்று கண்டுபிடித்ததும் சாக்கடைக்காரர்கள்தான். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து விடாமல் காற்று ஊதிக்கொண்டே இருந்தார்கள். அம்மோனியா முழுவதும் நைட்ரேட் ஆக ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம்! நம் தொட்டிக் கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கொட்டாமல் வைத்துக்கொண்டார்கள். அதன் மேல் புதுச் சாக்கடையை ஊற்றிக் காற்று ஊதினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவதைத்தான் அவர்களும் செய்தார்கள். உலகம் முழுக்க இன்று கழிவுநீரைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் இந்த முறையில்தான். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபவ்லர், சில வருடங்களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இந்த அறிவை நம் நாட்டிலும் விதைத்தார்.

கடல்நீர்த் தொட்டியில் இந்த உறை முறையைப் பிரபலமாக்கியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் அவர் எழுதிய கட்டுரையில், கடலிலிருந்து எடுத்த பவழப் பாறைத் துண்டுகளை உயிரோடு தொட்டியில் வைத்தால் தண்ணீர் தானே சுத்தமாக இருக்கிறது என்று காட்டினார். அந்தப் பாறையின் துளைகளில் நம் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

வெளிநாட்டுப் புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு யாரும் ராமேஸ்வரம் பக்கம் பாறை தேடிப் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவழத் திட்டுகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1986இல் அந்தப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பாறை கட்டும் பவழங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறின. எடுப்பதும் விற்பதும் குற்றம். நாம் வாங்க வேண்டியது செயற்கையாகச் செய்த உலர்ந்த பாறை. அதில் உயிர் எதுவும் இல்லை. அதனால்தான் நமக்கு முழுக் காலமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காத்திருக்க மனமில்லாதவர்கள் உலகமெங்கும் நெடுங்காலம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். விலை மலிவான, தாக்குப்பிடிக்கும் சின்னக் கடல் மீன்களை முதலில் விடுவது. அவை போடும் அம்மோனியாவில் நுண்ணுயிர் வளரும். அந்த மீன் செத்தால் சாகட்டும், பிறகு நல்ல மீன் வாங்கிக்கொள்ளலாம். கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பண்ணையில் பிறப்பதில்லை, பவழத் திட்டில் வலை போட்டுப் பிடிக்கப்படுகின்றன. பத்து ரூபாய்க் காரியத்துக்கு அப்படி ஓர் உயிரைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டாம் முறை நான் செய்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்: ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர் சாகும்; போர் தண்ணீரில் என்னென்ன உப்பு என்று தெரியாது. உப்பு: சமையல் உப்பு கூடாது. மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை, லிட்டருக்கு 35 கிராம், அதாவது 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. அடர்த்திமானியில் 1.025 காட்ட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. ஆகவே மட்டம் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் மே மாதத்தில் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

நுண்ணுயிருக்குத் தீனி: மீன் இல்லாமல் அம்மோனியா கொடுக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடு போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரம் அதுதான். ஆனால் கடையில் அப்படியே வாங்காமல், ஆய்வகத் தரத்தில் சுத்தமானதை வாங்குங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அதற்கு மேல் வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் கடல்நீர்த் தொட்டி இருந்தால், அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதுதான் உறை. நன்னீர்த் தொட்டிப் பஞ்சு இதற்கு உதவாது.

சோதனை கிட்: அம்மோனியாவுக்கு ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று. இவை இல்லாமல் தொடங்காதீர்கள். தண்ணீரின் தெளிவை நம்பி நான் இரண்டு மீனை இழந்தேன்.

பேத்தி ஒரு பழைய லெட்ஜர் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை. பதினோராம் நாள் அம்மோனியா இறங்க ஆரம்பித்தது. பதினான்காம் நாள் நைட்ரைட் சோதனை அடர் ஊதா. முதல் வகை நுண்ணுயிர் வேலையை ஆரம்பித்துவிட்டது, இரண்டாம் வகை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அம்மோனியா பூஜ்யம் என்று மீன் வாங்கிவிடுவார்கள். நைட்ரைட்டும் கெடுதல்தான். முப்பத்து நான்காம் நாள் ஊதா வெளிறியது. நாற்பத்தோராம் நாள், முந்தின தினம் போட்ட 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் முழுக்கக் கரைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியது. சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றினோம். பிறகு ஒரே ஒரு மீன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஒரே நாளில் கூட்டமாக விட்டால், இருக்கிற நுண்ணுயிர் போதாமல் மறுபடி பழைய கதைதான்.

பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்தவை கண்ணாடிக்குள் வாழப் பழகியவை, கடலுக்கும் நஷ்டமில்லை.

ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோம், ஒரு மண்டலம் லேகியம் சாப்பிடுகிறோம், கும்பாபிஷேகம் முடிந்தால் ஒரு மண்டலம் பூஜை செய்கிறோம். மீனுக்கும் ஒரு மண்டலம் என்று வைத்துக்கொண்டால் மனம் அலைபாயாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் விஞ்ஞானிகளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அம்மோனியாவைத் தின்பவை பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருடத்துக்கும் மேலாக நினைத்திருந்தார்கள். 2005இல், பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறொரு வகை நுண்ணுயிரும் இதைச் செய்கிறது என்று தெரிந்தது. அதை எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகர அக்வேரியத்தின் ஒரு கடல்நீர்த் தொட்டியில், அடியில் கிடந்த சரளைக்கல்லில். அதே வகை உயிர்கள் பெருங்கடல்களில் எண்ணற்று இருக்கின்றன என்று பிறகு புரிந்தது.

நம் வீட்டுக்குக் கீழே உள்ள தொட்டி

மீன் வளர்க்காதவர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், இந்தப் பகுதி உங்களுக்காக.

நம் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நாம் எஸ்.டி.பி. என்று சொல்வது, மான்செஸ்டர் பாட்டிலின் பெரிய வடிவம்தான். அங்கே ராத்திரி பகலாகச் சத்தம் போடும் புளோயர், அன்னா தின் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வேலையைச் செய்கிறது. கலங்கலாகத் தெரியும் அந்தப் பழுப்பு நீரில் இருப்பது அழுக்கு மட்டும் அல்ல. நம் எல்லோர் வீட்டுக் கழிவையும் தின்று தீர்க்கும் உயிர்க்கூட்டமும் அதில் இருக்கிறது.

போன பொதுக்குழுவில், மின் கட்டணத்தைக் குறைக்க இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை புளோயரை நிறுத்துவது என்று தீர்மானம் வந்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது பின்கட்டுப் பக்கம் வாடை வருவதையும், ஃப்ளஷ் தண்ணீர் காலையில் நெடி அடிப்பதையும் நீங்களும் கவனித்திருப்பீர்கள். காற்றை நிறுத்திவிட்டுப் பில் குறைந்தது என்று சந்தோஷப்படுவது, என் முதல் தொட்டியின் தெளிந்த தண்ணீரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட மாதிரி. வர்தா புயலின்போது 2016 டிசம்பரில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அது நம் கையில் இல்லை. இதை நாமே செய்கிறோம்.

சில நிலையங்களில் கொஞ்ச நேரம் ஓட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தும்படியே வடிவமைத்திருப்பார்கள். நான் பொறியாளர் இல்லை. ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த பொதுக்குழுவுக்கு முன், இதை வடிவமைத்தவரிடமும் இயக்குபவரிடமும் எழுத்தில் கருத்து வாங்குவோம். அதுவரை புளோயர் முன்பு ஓடிய மாதிரியே ஓடட்டும். சுத்திகரித்த தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று மாதம் ஒரு முறை சோதித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வீட்டில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸில் கொட்டுவதைக் குறைப்போம். குளோரோஃபார்ம் செய்த காரியத்தை அவையும் செய்யும். நான் தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன் என்று செயலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன்.

பேத்தியின் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். "நீ ஒண்ணும் தப்பு பண்ணலை கண்ணு. தாத்தாதான் அவசரப்பட்டுட்டேன்." இரண்டு மீனும் நன்றாக இருக்கின்றன. தொட்டி வைக்க நினைப்பவர்கள் மாலை நடைப்பயிற்சி நேரத்தில் என்னைப் பிடிக்கலாம். பஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.